சாரத்தைச் சுவரோடு பிணைக்கத் தெரிந்த கடை

கொழும்பு வெள்ளவத்தையில் கடலோர மரைன் டிரைவைப் பார்த்து நிற்கும் எங்கள் நாலு மாடிக் கட்டிடத்துக்கு வெளிப்பூச்சும் பெயின்டும் செய்ய, கிராண்ட்பாஸில் ஒரு கடையில், ஆட்கள் ஏறி நின்று வேலை செய்யும் இரும்புச் சாரம் வாடகைக்கு எடுத்தோம். குடியிருப்பாளர் சார்பில் வேலையைப் பார்த்துக்கொண்டது நான். பொருத்துவதும் கழற்றுவதும் அவர்களுடைய ஆட்களே. அந்த ஆட்களுக்காகவே இந்தக் கடையை மற்றவர்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் விலை கேட்ட இன்னொருவர், "சாரத்தை யன்னல் கிறில்லில கட்டுக்கம்பியால இறுக்கிவிடுவம்" என்றார். அப்போதே வேண்டாம் என்றுவிட்டேன். கம்பி இழுவையை மட்டும்தான் தாங்கும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து அடிக்கையில் சாரத்தைச் சுவர்ப்பக்கம் தள்ளும். கட்டிட மூலைகளில் வெளியே இழுக்கும். இரண்டையும் தாங்க விறைப்பான குழாய் வேண்டும். அதுவும் உப்புக்காற்றில் துருப்பிடித்த கிறில்லை நம்பி ஒரு மனிதனை மேலே ஏற்றலாமா?

அமெரிக்காவின் வேலைத்தளப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதிப்படி, சாரத்தின் உயரம் அதன் அடிப்பக்க அகலத்தின் 4 மடங்கைத் தாண்டினால் பிணைத்தே ஆகவேண்டும். 4 அடி அகலமென்றால் முதல் பிணைப்பு 16 அடி உயரத்தை ஒட்டி வரும். அதற்கு மேலே 26 அடிக்குள் ஒன்று. பக்கவாட்டில் இரு முனைகளிலும், நடுவில் 30 அடிக்குள்ளும். இவர்கள் மாடிக்கு மாடி பிணைத்தார்கள். ஏன் இவ்வளவு என்று கேட்டேன். "பச்சை வலை போடப்போறோம் அக்கா, அது கப்பல் பாய் மாதிரி காத்தப் பிடிக்கும்" என்றார் மேற்பார்வை செய்த தம்பி. சாரம் ஏற ஏறப் பிணைப்பும் கூடவே ஏறியது. எல்லாம் எழும்பிய பிறகு பார்ப்போம் என்ற பேச்சே இல்லை.

யன்னல் உள்ள இடத்தில் குழாயை உள்ளே விட்டு, அறைக்குள் குறுக்குக் குழாய் வைத்துக் கிளாம்ப் போட்டார்கள். யன்னல் இல்லாத இடத்தில், துளைக்குள் விரிந்து பிடிக்கும் ராவல் போல்ட். அதையும் கொன்கிரீட் பீமைத் தேடித்தான் அடித்தார்கள். கல்லுச் சுவரிலோ பூச்சிலோ அடிக்கவில்லை. பெயின்ட்காரர் ஒருவர் தடையாக இருக்கிறதென்று ஒரு பிணைப்பைக் கழற்றப் போனபோது, பக்கத்தில் வேறொன்று போட்டு இறுக்கும்வரை அந்தத் தம்பி விடவில்லை. பிரிக்கும்போதும் மேலிருந்து கீழே வந்து, அந்தந்தத் தட்டைக் கழற்றுகையில்தான் அதன் பிணைப்பையும் எடுத்தார்கள்.

குறைகளும் உண்டு. குழாய் போன யன்னல்களைப் பூட்ட முடியாமல் இரண்டு வீடுகளுக்குள் மழை அடித்தது. பொலித்தீன் கேட்ட பிறகுதான் வந்தது. போல்ட் துளைகளை வெறும் சீமெந்தால் அடைத்துவிட்டார்கள், மேலே பெயின்ட் தொட வேறு ஆள் பிடித்தோம். வாடகை நாள் கணக்கு. மழையால் வேலை நின்ற நாட்களுக்கும் காசு. அதை முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். எந்தக் கடையானாலும் விலைப்பட்டியலில் எத்தனை பிணைப்பு, எந்தெந்த இடத்தில் என்று தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். இவர்கள் கேட்காமலே தந்தார்கள்.