காட்டியது ஈசிஆரில், நாயை வைத்திருந்தது வேறெங்கோ: பொங்கலுக்கு போர்டிங் தேடுபவர்கள் கவனத்துக்கு

தீபாவளியை ஒட்டி ஊருக்குப் போக வேண்டியிருந்ததால் எங்கள் நாய் மீனுவை, சென்னை ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் பணம் வாங்கிக்கொண்டு நாய்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு போர்டிங்கில் விட்டுவிட்டுப் போனோம். எங்களுக்குச் சுற்றிக் காட்டிய இடத்தில் அவளை முதல் இரண்டு நாளைக்கு மேல் வைத்திருக்கவே இல்லை. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மேடவாக்கத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தகரக் கொட்டகைக்கு மாற்றிவிட்டார்கள். வலிப்பு மாத்திரையையும் நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்கு வந்த இரவே வலிப்பு வந்தது, அப்புறம் உண்ணிக் காய்ச்சல். இப்போது தேறிவிட்டாள். பொங்கல் லீவுக்கு போர்டிங் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கட்டுங்கள்.

அந்த போர்டிங்கின் பெயரை இங்கே போடவில்லை. நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம், பொதுவில் எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

மீனு நாட்டு நாய், ஒன்பது வயது. வலிப்புக்காகக் காலையும் இரவும் பீனோபார்பிடோன் சாப்பிடுகிறாள். 12 மணி நேரத்துக்கு ஒரு முறை தவறாமல் உள்ளே போக வேண்டும். திடீரென்று நிறுத்தினால் முன்பைவிட மோசமான வலிப்பு வரலாம் என்பதை மருந்து எழுதிக் கொடுத்த அன்றே டாக்டர் சொல்லிவிட்டார். இதனால்தான் நாங்கள் இவளை விட்டுவிட்டு எங்கேயும் போவதில்லை. ஆனால் அம்மா அப்பாவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். போகாமல் இருக்க முடியாது. இவளை வைத்துக்கொண்டு அத்தனை தூரம் காரில் போகவும் முடியாது. வெடிச் சத்தமும் இவளுக்கு ஆகாது. காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அரசு நேரம் வைத்திருந்தாலும் வேளச்சேரியில் எங்கள் தெருவில் நடு ராத்திரி வரை வெடிக்கும். கடற்கரைப் பக்கம் சத்தம் குறைவாக இருக்கும் என்றுதான் ஈசிஆரில் தேடினோம்.

பணம் கட்டும் முன் நேரில் போய்ப் பார்த்தோம். டைல்ஸ் போட்ட தனித்தனி அறைகள், ஒவ்வொன்றிலும் ஃபேன், ஓடி விளையாடப் புல்தரை, ஆபீஸில் சிசிடிவி திரை. தடுப்பூசிக் கார்டு இல்லாமல் எந்த நாயையும் எடுக்க மாட்டோம் என்று கண்டிப்பாகச் சொன்னார்கள், வாங்கியும் பார்த்தார்கள். மீனுவின் மாத்திரை நேரத்தை அவர்களுடைய பாரத்திலேயே எழுதிக் கொடுத்தேன். வழக்கமாக ஒரு நாளைக்கு 900 ரூபாய், பண்டிகை என்பதால் 1300 என்றார்கள். முழுப் பணமும் முன்கூட்டியே கட்டினோம். அவளுடைய மெத்தை, தட்டு, மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, பை மேல் பெயரும் ஒட்டிக் கொடுத்தோம்.

தினமும் வாட்ஸ்ஆப்பில் வீடியோ வந்தது. முதல் வீடியோவில் மீனு புல்தரையில் மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துவிட்டு அம்மாவுக்கும் நிம்மதி. அதற்கு அடுத்து வந்த ஒரு போட்டோவில் தரை வேறு மாதிரி தெரிந்தது. டைல்ஸ் இல்லை, சிமெண்ட். கேட்டேன். “க்ளீனிங் நடக்குது மேடம், அதான் பின்னாடி ரூம்ல இருக்கா” என்று பதில் வந்தது. சரி என்று விட்டோம். அப்புறம் ஒரு நாள் சென்னையில் காலையிலிருந்து விடாமல் மழை. டிவியில் ஈசிஆரில் தண்ணீர் தேங்கியதைக் காட்டுகிறார்கள். அன்று மதியம் வந்த வீடியோவில் மீனு நல்ல வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். என் கணவர்தான் கவனித்தார். பழைய வீடியோக்களோடு வைத்துப் பார்த்தால், எல்லாமே ஒரே நாளில் எடுத்ததை வெட்டி வெட்டி அனுப்பியிருப்பது தெரிந்தது. உடனே வீடியோ கால் கேட்டோம். சிக்னல் இல்லை, பையன் வெளியே போயிருக்கிறான், நாய் தூங்குகிறது என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம். விசேஷம் முடிந்ததும், சொன்ன தேதிக்கு முன்பே கிளம்பிவிட்டோம்.

வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக ஈசிஆருக்குப் போனோம். கேட்டில் இருந்தவர் பெயர்ப் பட்டியலைப் பார்த்துவிட்டு, “நாளன்னைக்குத்தானே மேடம் எடுக்கறீங்க?” என்றார். உள்ளே ஒவ்வொரு அறையாகப் பார்த்தோம். மீனு இல்லை. ஆபீஸ் அலமாரியில் அவளுடைய பை இருந்தது, பெயர் ஒட்டியபடி. மெத்தை மடித்தது மடித்தபடி. மாத்திரை அட்டையில் முதல் இரண்டு நாளுக்கான மாத்திரைகள் மட்டும் உடைத்திருந்தன, மற்றதெல்லாம் அப்படியே. அங்கேயே போட்டோ எடுத்துக்கொண்டேன். பிறகு எங்கள் புகாருக்கு மிகப் பெரிய ஆதாரம் அந்தப் போட்டோதான்.

ஓனருக்கு போன் போட்டோம். “ஃபெஸ்டிவல் ரஷ் மேடம். அதுவும் நம்ம பிராஞ்ச்தான். ஒரு மணி நேரத்துல வேன்ல கொண்டு வரச் சொல்றேன், உக்காருங்க” என்றார். உட்காரவில்லை. முகவரியைச் சொல்லாவிட்டால் போலீஸுக்குப் போவோம் என்றதும்தான் லொகேஷன் அனுப்பினார்.

காலி மனைகளுக்கு நடுவே தகரக் கூரை போட்ட கொட்டகை. பக்கத்தில் சாக்கடை ஓடுகிறது, மழைத் தண்ணீர் உள்ளே வந்து தரை முழுக்க ஈரம். கூண்டுக்கு இரண்டு நாய், கூண்டு கிடைக்காதவை தூணில் கட்டியிருந்தன. ஒரு லேப்ரடார் தன் சிறுநீரிலேயே படுத்திருந்தது. மீனுவைக் குட்டைச் செயினில் கட்டியிருந்தார்கள். எங்களைப் பார்த்துக் குரைக்க வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. நாள் கணக்கில் கத்தியதில் தொண்டை கட்டிப்போயிருந்தது.

அத்தனை நாய்களுக்கும் அங்கே இருந்தது ஒரே ஒரு பையன். ஒடிசாவிலிருந்து வந்தவன். அவன்தான் கழுவ வேண்டும், சமைக்க வேண்டும், சோறு வைக்க வேண்டும். இரவில் அவனும் பூட்டிவிட்டு வேறு இடத்துக்குத் தூங்கப் போய்விடுகிறான். மாத்திரை கொடுத்தாயா என்று கேட்டால், “மாத்திரையா? என்கிட்ட யாரும் சொல்லலக்கா” என்று பதறினான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. மீனு சாப்பிடவில்லை என்று தன் காசில் பிஸ்கட் வாங்கிப் போட்டிருக்கிறான். இப்படி ஒருவனை நம்பி ஊரில் உள்ள நாய்களையெல்லாம் தள்ளிவிட்டு, நாளுக்கு 1300 ரூபாய் வாங்கியவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

அன்று இரவு வலிப்பு வந்தது. ஐந்து நிமிடத்தைத் தாண்டி ஒரு வலிப்பு நிற்காமல் போனால் அது உயிருக்கே ஆபத்து, வீட்டில் வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. மீனுவுக்கு நிற்கவில்லை. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஊசி போட்டுத்தான் அடங்கியது. அங்கே பரிசோதிக்கும்போது காதுக்குள்ளும் கால் விரல் இடுக்கிலும் கொத்துக் கொத்தாக உண்ணி.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நம் ஊரில் நாய்களைப் பிடிக்கும் பழுப்பு உண்ணி, வீடு, நாய்களை அடைத்து வைக்கும் கென்னல் மாதிரி இடங்களிலேயே தலைமுறை தலைமுறையாக வாழக்கூடியது. நாயிடம் ரத்தம் குடித்துவிட்டு இறங்கி, சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டை இடும். அதனால் நாயைக் குளிப்பாட்டினால் மட்டும் போதாது, இடத்துக்கே மருந்தடிக்க வேண்டும். அந்தக் கொட்டகையில் அது நடந்திருக்க வாய்ப்பே இல்லை. இன்னொன்று: உண்ணிக்கு மாதம் ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒன்று என்று கொடுக்கும் மெல்லும் மாத்திரைகளை வலிப்பு உள்ள நாய்களுக்குக் கொடுக்க டாக்டர்கள் யோசிப்பார்கள், அந்த வகை மருந்து சில நாய்களுக்கு வலிப்பைத் தூண்டலாம் என்பதால். மீனுவுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. சுத்தமான இடம் ஒன்றுதான் பாதுகாப்பு. பாரத்தில் இதையும் எழுதிக் கொடுத்திருந்தேன்.

உண்ணிக் காய்ச்சல் உடனே தெரியாது. கடித்து ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துத்தான் வெளிப்படும். மீனுவும் தேறிவருகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் சாப்பாட்டை ஒதுக்கினாள். காய்ச்சல் அடித்தது, மூக்கில் ரத்தம் கசிந்தது. நாய்க்குக் குறைந்தது இரண்டு லட்சம் பிளேட்லெட்டாவது இருக்க வேண்டும், இவளுக்கு 30 ஆயிரத்துக்கும் கீழே. டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கை 28 நாள் கொடுக்கச் சொன்னார்கள். போர்டிங்கில் இருந்து வந்த நாய் நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். மூன்று வாரம் வரை பசியையும் ஈறின் நிறத்தையும் பார்த்துக்கொண்டே இருங்கள். இருமல் என்றால், நாய்கள் கூட்டமாக இருக்கும் இடத்தில் தொற்றும் கென்னல் இருமலாக இருக்கலாம். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கி எலி நடமாடிய இடத்தில் இருந்திருந்தால் எலிக்காய்ச்சலையும் டாக்டரிடம் சொல்லிப் பரிசோதியுங்கள்.

நாய் வளர்க்கும் நமக்கு போர்டிங்கில் என்ன வேண்டும்? நீச்சல் தொட்டி வேண்டாம், பிறந்தநாள் தொப்பி போட்ட போட்டோ வேண்டாம். நாய் எங்கே இருக்கிறது, இரவில் அதனுடன் யார் இருக்கிறார்கள், இது இரண்டும் உண்மையாகத் தெரிய வேண்டும். இனிமேல் நான் முதலில் கேட்கப்போவது இரவைப் பற்றித்தான். இரவு பத்து மணிக்கு மேல் இங்கே தூங்குவது யார், அவர் படுக்கும் இடத்தைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். ஒரு இடத்தில் இப்படிக் கேட்டபோது அங்கே இருந்த அம்மா சிரித்துக்கொண்டே தன் பாயையும் தலையணையையும் காட்டினார். இன்னொரு இடத்தில் “கேமரா இருக்கு சார்” என்று என் கணவரிடம் சொன்னார்கள். நாய்க்கு மூச்சு முட்டினால் கேமரா வந்து தூக்காது.

அடுத்து, நாய் எந்த முகவரியில் இருக்கும், எங்களைக் கேட்காமல் வேறு இடத்துக்கு மாற்றக் கூடாது என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்ஆப்பில் அவர்கள் “ஓகே” என்று பதில் போட்டாலும் போதும். பண்டிகை நாளில் அதிகபட்சம் எத்தனை நாய் எடுப்பீர்கள் என்று கேளுங்கள். எண் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். பதிவு செய்த வீடியோவை நம்ப வேண்டாம், நேரலையில் வீடியோ கால் வேண்டும், அதுவும் நீங்கள் நினைத்த நேரத்தில். சென்னையிலேயே இருக்கும் சொந்தக்காரர் ஒருவரைச் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை என்றால் ஒவ்வொரு வேளையும் உடைத்த அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லலாம். நல்ல இடத்தில் இதற்கெல்லாம் முகம் சுளிக்க மாட்டார்கள். புது இடத்தில் நாய் முதல் நாள் சாப்பிடாமல் இருப்பது சகஜம், அதை மறைக்காமல் நம்மிடம் சொல்கிறவர்களை நம்பலாம்.

வயதான நாய், மருந்து சாப்பிடும் நாய் என்றால் முடிந்தவரை வீட்டிலேயே யாரையாவது வந்து தங்க வையுங்கள். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

சட்டப்படி என்ன செய்யலாம் என்று யோசிப்பவர்களுக்கு: பாரத்தில் “ஓனர் ரிஸ்க்”, அதாவது என்ன நடந்தாலும் நாய் வளர்ப்பவர்தான் பொறுப்பு என்று கையெழுத்து வாங்கியிருந்தாலும் அதோடு கதை முடிந்துவிடாது. 1872 ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 151 ஆம் பிரிவு, அடுத்தவர் பொருளை ஏற்றுக்கொண்டவர் அதை விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. மீனுவைப் பொருள் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை, ஆனால் வழக்குக்கு அந்தப் பிரிவு உதவும். பணம் வாங்கிச் செய்த சேவை என்பதால் நுகர்வோர் சட்டமும் உண்டு. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருட அவகாசம் இருக்கிறது. நாம் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. குட்டைச் செயினில் நெடுநேரம் கட்டுவதும், நெருக்கமான கூண்டில் அடைப்பதும் 1960 ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் முதல் முறை பிடிபட்டால் அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். அந்தக் கொட்டகையைப் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன், இந்தத் தொகையை உடனே மாற்ற வேண்டும்.

ஓனர் பாதிப் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார், நான் போட்ட ரிவ்யூவை எடுத்தால். எடுக்கவில்லை. வேப்பேரி ரசீது, ரத்தப் பரிசோதனை அறிக்கைகள், மாத்திரை அட்டை போட்டோ, வெயில் வீடியோ வந்த தேதி, அன்றைய மழைச் செய்தி எல்லாவற்றையும் இணைத்து நோட்டீஸ் அனுப்பியாயிற்று. கொட்டகையில் இருந்த மற்ற நாய்களின் வீட்டுக்காரர்கள் யாரென்று எங்களுக்குத் தெரியாது. தீபாவளி வாரத்தில் ஈசிஆரில் விட்டிருந்த உங்கள் நாய் உண்ணியோடும் கட்டிய தொண்டையோடும் திரும்பி வந்திருந்தால், முதலில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், பிறகு ரசீதுகளோடு எனக்கு எழுதுங்கள். ஒரே புகாராகச் சேர்ந்து கொடுக்க முடியுமா என்று வக்கீலிடம் பேசிக்கொண்டிருக்கிறோம்.