ஜெர்மன் முன்னோர்களைத் தேட நான் வருஷக்கணக்கா யூஸ் பண்ற சைட்டுகள், எதுக்கு காசு கட்டலாம் எதுக்கு வேண்டாம்

என் வீட்டுக்காரர் ஓஹியோக்காரர். அவங்க அப்பா வழி சின்சினாட்டி கத்தோலிக்க குடும்பம், அம்மா வழி வுர்டம்பெர்க்ல இருந்து வந்த லூத்தரன் (ப்ராட்டஸ்டன்ட்) குடும்பம், ரெண்டு பக்கமும் 1800கள்ல கப்பலேறி வந்த ஜெர்மன்காரங்க. கல்யாணமாகி வந்ததுல இருந்து இந்த வம்சத்தோட வேரைத் தேடுறது என் வேலையாவே ஆயிடுச்சு, எங்க பிள்ளைங்களுக்கு என் பக்கத்து சொந்தபந்தம் தெரியுற அளவுக்கு அவங்க அப்பா பக்கமும் தெரியணும்னு எனக்கு ரொம்ப ஆசை. இத்தனை வருஷத்துல பழகுன சைட்டுகளைப் பத்தி எனக்குத் தோணுறதை எழுதுறேன், இதே தேடல்ல இருக்கறவங்களுக்கு உதவும்.

முதல்ல ஒண்ணு. ஊர் பேரு கைல இல்லாம எந்த ஜெர்மன் சைட்டுக்கும் காசு கட்டாதீங்க. 1871க்கு முன்னாடி ஜெர்மனின்னு ஒரே நாடு கிடையாது, பிரஷ்யா, ஹனோவர், பவேரியா, வுர்டம்பெர்க்னு தனித்தனி ராஜ்யம், ரெக்கார்டு எல்லாம் அந்தந்த சர்ச்லதான் எழுதி வச்சிருக்காங்க, நாடு முழுக்க சேத்துத் தேடுற மாதிரி ஒரு இண்டெக்ஸ் அன்னைக்கும் இல்ல இன்னைக்கும் இல்ல. அமெரிக்க சென்சஸ்ல போய் பாத்தா 'பிரஷ்யா'ன்னு ஒரே வார்த்தைல முடிச்சிருப்பான். 1906க்கு முந்தின குடியுரிமை பேப்பர்ல பெரும்பாலும் எந்த ராஜாவோட பிரஜையா இருந்தாருங்கறது மட்டும்தான் இருக்கும்.

அந்த ஊர் பேரு எங்க கிடைக்கும்னா, பெரும்பாலும் அமெரிக்காவுலயே, அவங்க வந்து சேந்த ஜெர்மன் சர்ச்சோட கல்யாணப் புத்தகத்துல. சின்சினாட்டி விஷயத்துல இது இன்னும் முக்கியம், ஏன்னா 1884 கலவரத்துல அங்க கோர்ட் கட்டிடமே எரிஞ்சு அரசாங்க ரெக்கார்டு நிறைய போயிடுச்சு, சர்ச் புத்தகம்தான் தப்பிச்சுது. ஜெர்மன்காரங்க நெருக்கமா குடியிருந்த ஓவர் தி ரைன்ங்கற பகுதியோட பங்குச் சர்ச்ல எங்காளோட கல்யாண எண்ட்ரி கிடைச்சப்போ, லத்தீன்ல ரெண்டே வரி. மாப்பிள்ளை பேரு, அப்பா அம்மா பேரு, அதுக்கப்புறம் 'எக்ஸ்'னு (லத்தீன்ல 'இந்த ஊர்ல இருந்து'ன்னு அர்த்தம்) போட்டு ஒரு ஊர் பேரு. சாமியார் காதுல விழுந்தபடி எழுதியிருக்கார், முதல் நாலு எழுத்துதான் தெளிவா இருக்கு. அங்க இருந்து நேரா மேயர்ஸ் கெசட்டியர் சைட்டுக்குப் போனேன். 1912ல வந்த ஊர்ப்பெயர் அகராதி, இப்போ ஃப்ரீயா ஆன்லைன்ல இருக்கு. தெரிஞ்ச எழுத்தைப் போட்டு பின்னாடி ஒரு நட்சத்திரக் குறி வச்சா அப்படி ஆரம்பிக்கற ஊரெல்லாம் வரிசையா காட்டும், மேப்போட, பக்கத்துல எந்தெந்த சர்ச் இருக்குங்கறதோட. சின்ன கிராமத்துக்கு சொந்த சர்ச் இருக்காது, பக்கத்து ஊர் பங்குலதான் ஞானஸ்நானம் நடந்திருக்கும், அதை இந்த சைட் மாதிரி சொல்றது வேற எதுவும் இல்ல. என் லிஸ்ட்ல முதல் மார்க் இதுக்குத்தான்.

அடுத்து ஃபேமிலிசர்ச், மோர்மன் சர்ச் நடத்துற வம்சாவளி சைட். ஃப்ரீ, அக்கவுண்ட் மட்டும் போதும். 2017 வரைக்கும் சர்ச் புத்தகங்களோட மைக்ரோஃபிலிமை ஆர்டர் பண்ணி வரவழைச்சு பாத்துட்டு இருந்தாங்க, இப்போ அதெல்லாம் ஸ்கேன் ஆகி உள்ள இருக்கு, ஆனா சில படங்களை அவங்க சென்டருக்கோ அவங்களோட சேந்த லைப்ரரிக்கோ போனாதான் திறக்க முடியும். இதுல பேரைப் போட்டு தேடி ஒண்ணும் வரலன்னு நிறைய பேர் விட்டுடறாங்க. பேர் தேடல்ல வர்றது கொஞ்சம்தான், கேட்டலாக்ல ஊர் பேரைப் போட்டு அந்த புத்தகத்தைத் திறந்து பக்கம் பக்கமா பாக்கணும். எனக்கு கிடைச்சதுல பாதிக்கு மேல இப்படி புரட்டினப்போ வந்ததுதான்.

அப்பா வழி ஊர் வெஸ்ட்ஃபாலியால, மூன்ஸ்டர் மறைமாவட்டம் (ஒரு பிஷப்போட நிர்வாகப் பகுதி), அதனால மெட்ரிகுலா. எனக்கு மனசுக்கு ரொம்பப் பிடிச்ச சைட் இது. கத்தோலிக்க சர்ச் புத்தகங்கள், காசு கிடையாது, லாகின் கூட வேண்டாம், மூன்ஸ்டர், பாடர்போர்ன், பாஸாவ்னு பல மறைமாவட்டங்கள் இருக்கு. பேர் தேடல் இல்லங்கறதை நான் குறையா நினைக்கல, ஏன்னா தேடல் இருந்தா ஒரு பேரை எடுத்துட்டு வெளிய வந்துடுவோம், புரட்டும்போதுதான் அந்த ஊரே கண்ணு முன்னாடி வருது. ஒரே ஞானத்தாய் மூணு பிள்ளைங்களுக்கு திரும்பத் திரும்ப வந்தா அது அத்தையோ சித்தியோன்னு பிடிபடும். செப்டம்பரை 7 போட்டும் டிசம்பரை ரோமன் பத்து போட்டும் எழுதியிருப்பாங்க (லத்தீன்ல செப்டெம்னா ஏழு, டெசெம்னா பத்து), அதை ஏழாம் மாசம் பத்தாம் மாசம்னு எடுத்துடக் கூடாது.

வெஸ்ட்ஃபாலியாவுல இன்னொரு விஷயம், பண்ணைப் பேரு. ஒருத்தர் பண்ணை வீட்டுப் பொண்ணைக் கட்டி அங்கயே குடிபோனா அந்தப் பண்ணையோட பேரு அவருக்கு குடும்பப் பேரா வந்துடும், பிள்ளைங்களுக்கும் அதே. அண்ணனுக்கு ஒரு பேரு தம்பிக்கு ஒரு பேரு, ரெண்டு பேரும் ஒரே வயித்துப் பிள்ளைங்க. நடுவுல 'கெனான்ட்'னு (அப்படின்னு அழைக்கப்படறவர்னு அர்த்தம்) ஒரு வார்த்தை இருந்தா நிறுத்தி ரெண்டு குடும்பப் பேரையும் குறிச்சுக்கோங்க. அங்க பண்ணையைப் பிரிக்க மாட்டாங்க, ஒரு பிள்ளைக்குத்தான் மொத்தமும், மத்தவங்க அடுத்தவன் நிலத்துல குடிசை போட்டு உழைச்சு, வீட்டுல லினன் துணி நெய்து வயித்தைக் கழுவணும். மெஷின் துணி வந்து அந்த நெசவும் படுத்ததும் கூட்டம் கூட்டமா கிளம்பிட்டாங்க. வுர்டம்பெர்க்ல இதுக்கு நேர் எதிர், எல்லா பிள்ளைங்களுக்கும் நிலத்தைப் பிரிச்சுப் பிரிச்சு கடைசில யாருக்கும் சோறு போடாத துண்டு நிலமா ஆகி, 1816, 1817ல விளைச்சலும் போய், அங்கயும் கப்பல்தான். ரெண்டு வழியையும் பக்கத்துல பக்கத்துல படிக்கறப்போ நிஜமாவே மனசு கனத்துப் போகும்.

அம்மா வழிக்கு ஆர்கியோன். 2015ல திறந்தது, ப்ராட்டஸ்டன்ட் சர்ச் புத்தகங்கள், காசு கட்டினாதான் படம் தெரியும், டவுன்லோடுக்கும் லிமிட் உண்டு. ஆனா எந்த சபையோட எந்த வருஷப் புத்தகம் இருக்குங்கற லிஸ்ட்டை காசு கட்டாமயே பாக்கலாம், அதை முதல்ல பாத்து எழுதி வச்சுட்டு அப்புறம் ஒரு மாசத்துக்கு மட்டும் கட்டுங்க, அந்த மாசம் வேற வேலை வச்சுக்காதீங்க. வுர்டம்பெர்க் ஆளா இருந்தா கட்டுற காசு தகும், ஏன்னா 1808ல இருந்து அங்க பாஸ்டர்கள் குடும்பத்துக்கு ஒரு பக்கம்னு ரெஜிஸ்டர் வச்சிருக்காங்க. மேல புருஷன் பொண்டாட்டி, அவங்கவங்க அப்பா அம்மா, கீழ பிள்ளைங்க வரிசையா, பிறந்த தேதி, திடப்படுத்தல், கல்யாணம், சாவு எல்லாம். எங்க குடும்பத்துக்கான பக்கத்துல ஒரு பிள்ளைக்கு நேரா மத்த கட்டமெல்லாம் காலியா விட்டு 'அமெரிக்காவுக்கு'ன்னு மட்டும் எழுதியிருந்துச்சு. அதுக்கு அடுத்த வரில தங்கச்சி, கல்யாணம், அஞ்சு பிள்ளைங்க, அதே ஊர்லயே சாவு.

எழுத்தைப் பத்தி சொல்லாம இருக்க முடியாது. குர்ரென்ட்ங்கற பழைய ஜெர்மன் கையெழுத்து முறைல 'இ' (e)யும் 'என்' (n)னும் ஒரே மாதிரி தெரியும், 'யு' (u) மேல ஒரு சின்ன வளைவு இருக்கும், ஜெர்மன் நல்லா தெரிஞ்சவங்களே திணறுவாங்க. நான் பண்றது, அந்த பாஸ்டர் எழுதின மாசப் பேரையும் ஊர் பேரையும் வச்சு அவர் கையெழுத்துக்குன்னே ஒரு அரிச்சுவடி தயார் பண்ணிக்கறது, ஏன்னா அந்த வார்த்தை என்னன்னு நமக்கு முன்னாடியே தெரியும். ட்ரான்ஸ்க்ரைபஸ்ங்கற கையெழுத்து படிக்கற சாஃப்ட்வேர் சீரான கையெழுத்துக்கு நல்லா உதவுது, அவசரமா கிறுக்கின பக்கத்துல பேரை எல்லாம் மாத்திடும், அதை நம்பி குடும்ப மரத்துல ஏத்தாதீங்க.

கப்பல் லிஸ்ட்டுக்கு நான் அதிக நேரம் கொடுக்கறதில்ல. ஹாம்பர்க் துறைமுக லிஸ்ட் 1850ல இருந்து 1934 வரைக்கும் பெரும்பாலும் இருக்கு, ஊர் பேரோட. ப்ரெமன் துறைமுகம் வழியா போனவங்க லிஸ்ட்டை அங்கயே அழிச்சுட்டாங்க, 1920க்கு முந்தினது கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்ல.

கடைசியா ஸ்டாண்டெஸாம்ட், அதாவது அரசாங்க பிறப்பு இறப்பு பதிவு. ரைன் ஆத்துக்கு மேற்குல ஃப்ரெஞ்சு ஆட்சில 1798லயே வந்துடுச்சு, பிரஷ்யாவுல 1874 அக்டோபர், நாடு முழுக்க 1876 ஜனவரி. நம்ம ஆளு அதுக்கு முன்னாடியே கிளம்பிட்டாரேன்னு இதை ஒதுக்கிடாதீங்க. ஊர்ல தங்கிட்ட அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி சாவு அதுல இருக்கும், அப்பா அம்மா பேரோட. 2009 சட்டப்படி பிறப்பு 110 வருஷம், கல்யாணம் 80, சாவு 30 தாண்டினா புத்தகம் ஆர்கைவுக்குப் போயிடும், அப்புறம் சொந்தக்காரங்கன்னு ப்ரூஃப் காட்ட வேண்டாம், யார் வேணாலும் கேக்கலாம். ஒரு ஆர்கைவ் எனக்கு பதில் போட மாசக்கணக்காச்சு, இன்னொண்ணு அதே வாரம் ஸ்கேன் அனுப்பிச்சு, அது ஊரைப் பொறுத்தது. மெயிலை ஜெர்மன்லயே சுருக்கமா எழுதுங்க, ஒரு மெயிலுக்கு ஒரு ஆளு, பேரு, ஊரு, வருஷம், கட்டணம் எவ்ளோன்னாலும் தர்றேன்னு ஒரு வரி. வீட்டுக்காரரோட கொள்ளுத்தாத்தாவுக்குத் தாத்தா ஒருத்தர், அவரோட தங்கச்சி சாவுப் பதிவு அப்படி வந்ததுதான், அதுல அவங்க அம்மாவோட பிறந்த வீட்டுப் பேரு இருந்ததால மெட்ரிகுலாவுல இன்னும் ரெண்டு தலைமுறை மேல போக முடிஞ்சுது.