லினோகட்டுக்கு பிரேம் போட்ட கத

என்ட லினோகட், அதான் லினோலியத்தில செதுக்கி மை பூசி பேப்பர்ல அச்செடுக்கிற படம், ஒண்டு மட்டக்களப்பு திறந்த கண்காட்சிக்கு எடுபட்டுட்டு, அந்தச் சந்தோசத்தில டவுண் பக்கம் இரிக்கிற பிரேம் கடைக்கு ஓடினன். வேல சுத்தம், மூலை நாலும் இடைவெளி இல்லாம பொருந்தியிரிக்கு. ஆனா மவுண்ட், அதான் படத்தச் சுத்தி வைக்கிற அட்டை, வெட்டக்குள்ள கீழ பென்சிலால போட்ட 3/10 உம் கையெழுத்தும் மறைஞ்சு போச்சு! பத்துப் பிரதியில இது மூண்டாவது எண்டு காட்டுறதே அதுதானே. மறுகா கொண்டு போய்ச் சொன்னா கடை அண்ணன் முகம் சுளிக்காம, காசும் வாங்காம புதுசா வெட்டித் தந்தார். நீங்க குடுக்கக்குள்ள பசை பூசி ஒட்ட வேணாம், மேல ரெண்டு இடத்தில மட்டும் பிடிச்சு விடுங்க எண்டு முதல்லயே சொல்லிப்போடுங்க, கண்ணாடியில பேப்பர் முட்டவும் கூடாது, நம்மட வாவிக் காத்து ஈரத்துக்கு பூஞ்சணம் பிடிச்சிரும். விலை கொஞ்சம் கூடத்தான்.