வட்டைப் பாதைக்கு முதல் வண்டி எது: ஜிம்னியா, டபுள் கெப்பா, 4டிஆர்5 ஜீப்பா?

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தார் முடிந்தால் டயருக்குக் கீழே மூன்றே விதமான மண்தான். கரடியனாறு, புல்லுமலைப் பக்கம் கிரவல். வவுணதீவு, வெல்லாவெளி, சம்மாந்துறை வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில், களி. வாகரை தொடக்கம் பாணமை வரை கரையோரமெல்லாம் மணல். இதில் எதிலே கூடுதலாக ஓடப்போகிறோம் என்று தெரியாமல் ஃபோர் வீல் வாங்கப் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது எஞ்சினின் இழுவையைத்தான். நம் பக்கத்து வாய்க்கால் கட்டுகளில் வண்டியைப் புதைப்பதும் சரிப்பதும் பாரமும் அகலமும்தான்.

சுசுகி ஜிம்னியின் பழைய வடிவம், அதாவது 1998 முதல் 2018 வரை வந்த 1.3 லீட்டர் பெற்றோல் வண்டி, வெறும் எடையில் ஒரு டன்னுக்குச் சற்றே மேல். அகலம் 1.6 மீட்டர். திரும்பும் ஆரை 4.9 மீட்டர். எதிரே நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் வந்தால், பின்னால் எடுத்து ஒரு வாடி வாசலுக்குள் ஒதுங்கிவிடலாம். டபுள் கெப்பில், அதாவது இரண்டு வரிசை இருக்கையும் பின்னால் திறந்த பெட்டியும் உள்ள பிக்கப்பில், இதே வேலைக்கு 6 மீட்டருக்கு மேற்பட்ட ஆரை வேண்டும். பல கட்டுகளில் அரைக் கிலோமீட்டர் ரிவர்ஸ் வருவதுதான் வழி. 2018க்குப் பிறகு வந்த 1.5 லீட்டர் ஜிம்னி தரையிலிருந்து 210 மில்லிமீட்டர் உயரம், பழையது 190. டிராக்டர் தடம் ஆழமாக விழுந்த பாதையில் இந்த இரண்டு சென்றிமீட்டர் நன்றாகவே தெரியும்.

பழைய ஜிம்னியில் ஏமாறுகிற இடம் முன் சக்கர ஹப், அதாவது சக்கரத்தை அச்சோடு பூட்டுகிற நடுப்பகுதி. எஞ்சினின் காற்று உறிஞ்சலால் (வெக்கும்) பூட்டுகிற வகை அது. ரப்பர் குழாய் வெடித்தால் ஃபோர் வீல் பட்டனை அழுத்தினாலும் முன் சக்கரம் சேராது, டேஷ்போர்டில் லைட் மட்டும் மினுங்கிக்கொண்டிருக்கும். வாங்குமுன் இப்படிப் பார்க்கலாம். மட்டமான மண் தரையில் எஞ்சினை ஓடவிட்டு, நியூட்ரலில் வைத்து ஃபோர் வீலைப் போட்டு, லைட் நிலையாக எரிந்ததும் எஞ்சினை நிறுத்துங்கள். கைப்பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒரு முன் சக்கரத்தை மட்டும் ஜாக்கில் தூக்கிக் கையால் சுற்றுங்கள். கொஞ்சம் ஆடி நின்றுவிட்டால் ஹப் பூட்டியிருக்கிறது. தாராளமாகச் சுற்றினால் ஹப் ஒன்று சேரவில்லை. மற்றப் பக்கமும் இப்படியே. அடுத்த நோய், வேகம் 70ஐத் தாண்டும்போது ஸ்டியரிங் நடுங்குவது. டயர் பேலன்ஸ் பிழைத்திருக்கலாம், கிங்பின் பேரிங் தேய்ந்திருக்கலாம். ஸ்டியரிங் நடுக்கத்தை அடக்கும் புது டேம்பர் ஒன்றை மாட்டி விற்பவர்கள் உண்டு. நடுக்கம் சில மாதம் ஒளிந்துவிட்டுத் திரும்ப வரும்.

டபுள் கெப் எடுத்தால் கிடைப்பது டீசலின் இழுவை, ஐந்து பேர், பின்னால் பசளை மூட்டை. பொத்துவிலிலிருந்து பாணமை தாண்டி ஒகந்தை வரை குடும்பத்தோடு போக இதுதான் சுகம். லோ ரேஞ்சிலும், அதாவது வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கியரிலும், இதற்கே பலம் கூட: ஜிம்னியில் 2க்கு 1 அளவு குறைகிற கியர், டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கெப்பில் 2.5க்கு மேல். ஆனால் நம் வட்டைகள் சமதரை. அந்த வித்தியாசம் குடும்பிமலைப் பக்கத்துக் கல்லிலே வேலைக்கு வரும், வெல்லாவெளியில் வராது. குறை இரண்டு. முன், பின் சக்கரங்களுக்கிடையில் 3 மீட்டருக்கு மேல் இருப்பதால் குறுக்குக் கட்டில் ஏறி இறங்கும்போது வயிறு தட்டி நான்கு சக்கரமும் பிடியிழந்து தொங்கும். வெறும் பெட்டியோடு போனால் பின்பக்கம் பாரமில்லாமல் ஈரக் களியில் வழுக்கும். பின் அச்சுக்கு நேர் மேலே இரண்டு மூன்று மணல் மூட்டையை அசையாமல் கட்டிவைத்தால் இரண்டாவது குறை பெரும்பாலும் தீரும்.

மிட்சுபிசியின் 4டிஆர்5 ஜீப்புக்கு ஊரில் தனி மரியாதை. 2,659 சிசி டீசல், முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங், கம்ப்யூட்டர் கிடையாது, எந்த கராஜிலும் கை வைப்பார்கள். அந்த மரியாதையை நம்பிப் புதியவர் இதை வாங்குவது சரியல்ல. பவர் ஸ்டியரிங் இல்லாத ஜீப்பில், பள்ளத்தில் சக்கரம் அடிக்கும்போது ஸ்டியரிங் சுழன்று பெருவிரலைப் பதம் பார்க்கும். பெருவிரலை வளையத்துக்கு வெளியே வைத்தே பிடிக்க வேண்டும். டிரம் பிரேக் தண்ணீரில் நனைந்தால் பிடிக்காது, சேறு புகுந்தால் ஒரு பக்கமாக இழுக்கும். ஸ்பிரிங் தாங்கிகளுக்குப் பின்னால் செசியைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மணிச்சத்தம் வந்தால் இரும்பு, பொத்தென்று கேட்டால் துரு. ஸ்பனர் பிடித்துப் பழகியவருக்கு இரண்டாவது வண்டியாக இது நல்லது.

லோ ரேஞ்ச் இல்லாத சின்ன எஸ்யூவிகள் கிரவலுக்குப் போதும். மணலில் பத்து நிமிடம் முக்கினால் பின் சக்கரத்துக்கு இழுவை அனுப்பும் கப்ளிங் சூடேறி பின் சக்கரம் கைவிட்டுவிடும்.

அப்போ டயர்? சேற்றுக்கான மட் டயரா, எல்லாத் தரைக்குமான ஏடியா என்ற தர்க்கத்தில் களிக்கு மட்தான். ஏடி டயரின் பள்ளங்களில் களி அடைந்தால் மொட்டை டயர்தான். ஆனால் வேலை நாளெல்லாம் தாரில் ஓடுகிறவருக்கு ஏடி போதும். மணலில் மட் டயரைச் சுழலவிட்டால் அது தோண்டும் கருவியாகிவிடும்.

எந்த வண்டியானாலும் வித்தை காற்றில்தான் இருக்கிறது. கதவோரத்து ஸ்டிக்கர் காட்டும் அளவிலிருந்து கிரவலில் கால்வாசி குறையுங்கள். மணலில் ஜிம்னிக்கு 14, டபுள் கெப்புக்கு 16 முதல் 18 பிஎஸ்ஐ. டயர் தரையில் நீளமாகப் படர்ந்து பாரத்தைப் பரப்பும். சாதாரண ரிம்மில் 12க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். காற்றுக் குறைந்த டயரில் 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் வேண்டாம். பாட்டரியில் ஓடும் கம்ப்ரசர், அளவுக் கருவி, சவள், ஜாக்குக்கு ஒரு அடி அகலப் பலகை: வின்ச்சுக்கு ஆசைப்படுமுன் இவை.

புதைந்தால் அக்சிலேட்டரை விடுங்கள். டயருக்கு முன்னால் தோண்டி, காற்றைக் குறைத்து, வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள். லேண்ட் மாஸ்டர் (இரு சக்கர டிராக்டர்) காரர் சங்கிலியோடு உதவிக்கு வந்தால் நன்றி சொல்லி உங்கள் இழுவைப் பட்டியைக் கொடுங்கள். சங்கிலி அறுந்தால் துண்டு குண்டுபோலப் பறக்கும். டிரெய்லர் பந்தில் ஒருபோதும் மாட்டக்கூடாது. பட்டியை வண்டியில் மாட்டும் இரும்பு வளையமான ஷக்கிள் ஜிம்னிக்கு 3.25 டன், கெப்புக்கு 4.75 டன்; கயிற்றின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு தூரத்தில் ஆட்கள் நிற்கட்டும்.

குளம் நிரம்பி வான் பாய்கிற நாளில் சப்பாத்துப் பாலத்தை (தண்ணீர் மேலே பாயும் தாழ்ந்த பாலம்) கடக்க எந்த வண்டியும் போதாது. ஓடும் தண்ணீரில் ஜிம்னியின் இலேசான உடம்புதான் முதலில் மிதக்கும். நிற்கும் தண்ணீரை நடந்து பார்த்த பிறகு, சக்கர நடுவுக்குக் கீழே இருந்தால் மட்டும் இறங்குங்கள். ஓடிவந்த சூட்டோடு இறங்கினால் டிஃபரென்ஷியல் சட்டென்று குளிர்ந்து சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். பத்து நிமிடம் ஆறவிடுங்கள். மறுநாள் ஒயிலைப் பாருங்கள். பால்தேத்தண்ணி நிறம் என்றால் மாற்ற வேண்டியதுதான். உவரான வாவித் தண்ணீர் பட்டால் அன்றைக்கே கிணற்று நீரால் அடிப்பாகம் கழுவ வேண்டும்.

இனிப் பாதைக்குரியவர்கள். ஈரக் கட்டின் ஓரத்தில் சக்கரம் ஏறினால் ஒரு சாண் மண் சரியும். அந்த வெடிப்பால் இரவோடிரவாக வாய்க்கால் தண்ணீர் ஒழுகி, கீழ் வயலில் விதைத்த நெல் மிதக்கும். அதனால் ஐப்பசியிலிருந்து தை வரை வயல் பாதையை மறந்துவிடுங்கள். பெரும்போக வெட்டு முடிந்த பங்குனியில், வயல் நீரையும் பாதையையும் பார்த்துக்கொள்ளும் வட்டை விதானையிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். வீதியில் நெல் காயப்போட்டிருந்தால் ஏறாமல் நின்று கேளுங்கள். காய்ந்த வைக்கோல் சைலன்சரில் சிக்கினால் தீப்பிடிக்கும், மணிக்கொரு தடவை குனிந்து பாருங்கள். கரையில் அடம்பன் கொடி படர்ந்த மேட்டில் சக்கரம் வைக்காதீர்கள், மணலைப் பிடித்துவைத்திருப்பது அந்தக் கொடி. அலை நனைத்துப் போன கெட்டி மணலே பாதை, அதுவும் பகலில் மட்டும், இரவில் ஆமை ஏறும். குமண தேசியப் பூங்காவில் போட்ட பாதையை விட்டு இறங்கக்கூடாது. யானை வேலியின் படலையைத் திறந்தால் திரும்ப மூடியிருக்கிறதா என்று இறங்கிப் பாருங்கள்.

முதல் ஓட்டத்துக்கு இரண்டு வண்டி, காலை நேரம், பத்துக் கிலோமீட்டருக்குள். மாலை நான்கு மணிக்குள் திரும்பித் தாரோரம் நின்று காற்றடித்து, ஃபோர் வீலை எடுத்துவிட்ட பிறகு ஏறுங்கள். தாரில் ஃபோர் வீலோடு திருப்பினால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு லீவர் இறுகிவிடும். இறுகினால் அடித்து இழுக்காமல், மண்ணில் இறங்கி இரண்டு மூன்று மீட்டர் ரிவர்ஸ் எடுங்கள், தானே விடும்.