லேப்டாப் ஆன் ஆகலன்னா ரிப்பேருக்கு வர்றவன் மீட்டர்ல பீப் சத்தம் காட்டுவான், நம்பிடாதீங்க. எனக்கு 14,000 போச்சு

கோவத்துல டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. லேப்டாப் ஆன் ஆகலன்னு ஆன்லைன்ல புக் பண்ணா வீட்டுக்கே ஆள் அனுப்புற ஒரு ரிப்பேர் சர்வீஸ்கிட்ட 14,000 குடுத்து ஏமாந்து உக்காந்திருக்கேன். பேர் போடல, போட்டா பதிவையே தூக்க வச்சிடுவாங்க, ஏற்கனவே ஒரு ஸ்டார் குடுத்து நான் எழுதின ரிவ்யூவ காணோம். ஆனா யூனிஃபார்ம் போட்ட பையன் பேக் மாட்டிட்டு வருவான், அரை மணி நேரம் பார்ப்பான், அப்புறம் "இங்க வச்சு பண்ண முடியாது மேடம், லேபுக்கு எடுத்துட்டு போகணும்"னு சொல்வான், அந்த ரகம்னு சொன்னா பாதி பேருக்கு புரிஞ்சிரும்.

பிரச்சனை என்னன்னா பவர் பட்டன அமுக்கினா லைட் எரியுது, ஃபேன் ஒரு சுத்து சுத்துது, ஸ்க்ரீன் மட்டும் கருப்பு. கேப்ஸ் லாக் லைட் விட்டு விட்டு கண்ணடிக்குது. நானும் சும்மா உடனே ஆள கூப்பிடல. சார்ஜர கழட்டிட்டு பவர் பட்டன முப்பது செகண்ட் அமுக்கிப் பிடிச்சு பார்த்தாச்சு, ஸ்க்ரீன் லைட் போயிருந்தா படம் மங்கலா தெரியும்னு சொல்வாங்களே, அதுக்கு இருட்டுல டார்ச் அடிச்சும் பார்த்தாச்சு, எச்டிஎம்ஐ வயர டிவில சொருகியும் பார்த்தாச்சு, ஒண்ணும் வரல. ஆபீஸ் வேலை மொத்தமும் அதுக்குள்ள இருக்கு, மாசக் கடைசி வேற. அந்த அவசரத்துல தான் புக் பண்ணேன்.

வந்த பையன் ரொம்ப தன்மையா பேசினான். அத சொல்லியே ஆகணும், ஏன்னா அங்க தான் விழுந்தேன். கையில ஆண்டி ஸ்டாட்டிக் பட்டை மாட்டிக்கிட்டான், ஸ்க்ரூவெல்லாம் எந்த இடத்துலருந்து எடுத்தானோ அதே வரிசையில ஒரு காந்தத் தட்டுல வச்சான், பேட்டரி கனெக்டர எடுத்துட்டு "இத எடுக்காம போர்ட தொடவே கூடாது மேடம்"னு எனக்கு பாடம் வேற. இவன் வேலை தெரிஞ்சவன்னு தோணிச்சு. அப்புறம் மல்டிமீட்டர எடுத்தான். ஒரு முனைய ஸ்க்ரூ ஓட்டை மேல வச்சான், இன்னொரு முனைய ப்ராசசர் பக்கத்துல வரிசையா இருக்கற சாம்பல் கலர் சதுரங்கள்ல ஒண்ணு மேல வச்சான். பீப்ப்ப்னு நீளமா ஒரு சத்தம். அடுத்தது மேல வச்சான், பீப். என்னைய திரும்பி பார்த்து, ஆஸ்பத்திரில சொல்ற மாதிரி குரல தாழ்த்தி, "ஃபுல் ஷார்ட் மேடம். போர்டுல பவர் ஐசி போயிருச்சு. உங்க கண்ணு முன்னாடி தானே காட்டுறேன்"னான். (ஐசின்னா போர்டுல ஒட்டியிருக்கற சிப்.) மீட்டர என் கையிலயே குடுத்து "நீங்களே வச்சு பாருங்க"ன்னான். வச்சேன், அடிச்சுது. அதுக்கு மேல நம்பாம எப்படி இருக்கறது?

கேப்ஸ் லாக் கண்ணடிக்குதே அது என்னன்னு கேட்டேன். "அது ஷார்ட்டால வர்றது தான் மேடம், கண்டுக்காதீங்க"ன்னான்.

14,000. பாதி முன்பணம், மீதி முடிஞ்சதும். புது போர்டு வாங்கினா இதுக்கு மூணு மடங்கு ஆகும்னு ஒரு பிட்டு வேற. ரசீதுல "லேப்டாப் 1, சார்ஜர் 1, கோளாறு: நோ டிஸ்ப்ளே", அவ்வளவு தான். பாஸ்வேர்டும் எழுதித் தரச் சொன்னான், அத மட்டும் மாட்டேன்னுட்டேன்.

அதுக்கப்புறம் தான் ஆரம்பிச்சுது. நாளைக்கு ரெடின்னாங்க. நாளைக்கு ஃபோன் பண்ணா ஐசி இன்னும் வரலன்னாங்க. அப்புறம் ஐசி வந்துருச்சு டெக்னீஷியன் லீவு. அப்புறம் டெஸ்டிங்ல இருக்கு. ஆப்ல போய் பார்த்தா "உங்கள் சாதனம் நிபுணர்களின் கையில் பாதுகாப்பாக உள்ளது"ன்னு பச்சை டிக்கோட ஒரு வரி, தினமும் அதே வரி. ஒரு வழியா கொண்டு வந்து குடுத்தான், வேற பையன். ஆன் பண்ணி காட்டினான், ஆன் ஆச்சு, மீதிப் பணத்த வாங்கிட்டு பறந்துட்டான். பில்லுல ஒரே வரி, "சிப் லெவல் சர்வீஸ்". எந்த ஐசி, என்ன நம்பர், ஒண்ணும் கிடையாது. பழைய ஐசிய குடுன்னு கேட்டா "அதெல்லாம் லேப்லயே டிஸ்போஸ் பண்ணிருவாங்க மேடம்".

ஓடுச்சு, ஆனா ஆமை வேகம். பிரவுசர்ல ரெண்டு மூணு டேப் கூடத் திறந்தா விக்குது. டாஸ்க் மேனேஜர்ல மெமரிய திறந்து பார்த்தா வயிறு பத்திக்கிச்சு, 8 ஜிபின்னு காட்டுது. வாங்கினது 16. கீழ சின்னதா "யூஸ் ஆகிற ஸ்லாட்: 2-ல் 1"ன்னு போட்டிருக்கு, அதாவது மெமரி (ராம்) சொருகற ரெண்டு இடத்துல ஒண்ணுல தான் இருக்கு.

என் சித்தி பையன் ஹார்டுவேர் வேலை தான் பார்க்கறான், ஊர்ல இல்லாம போய்ட்டான் அப்போ. வந்ததும் அடிய கழட்டினான். ஒரு ஸ்லாட் காலி. போர்ட லென்ஸ் வச்சு ஓரம் ஓரமா பார்த்துட்டு "அக்கா, இதுல சால்டரிங் அயர்னே படல"ன்னான். ஐசி மாத்தினா அத சுத்தி ஃப்ளக்ஸ் (சால்டர் பண்ணும்போது தடவற பசை) கறை இருக்கும், இல்ல அத துடைச்ச தடமாவது இருக்கும், பக்கத்துல இருக்கற பொடி பொடி பார்ட்ஸ் ஒண்ணு ரெண்டு லேசா நகர்ந்திருக்கும். இங்க போர்டுல படிஞ்சிருந்த தூசி கூட கலையல. கேப்ஸ் லாக் கண்ணடிச்சது எப்படின்னு கேட்டான், நல்லவேளை ஃபோன்ல வீடியோ எடுத்து வச்சிருந்தேன், அத எண்ணிட்டு கம்பெனி சர்வீஸ் மேனுவல எடுத்து காட்டினான். அந்த கணக்குக்கு அர்த்தம் மெமரி கோளாறு. ஷார்ட்டும் இல்ல மண்ணாங்கட்டியும் இல்ல. அவன் சொன்னது இது தான்: தகராறு பண்ண ராம் ஸ்டிக் ஒண்ண கழட்டிட்டா மத்ததுல லேப்டாப் தானா ஆன் ஆயிரும். அத தான் பண்ணிருக்கானுங்க. கழட்டினதையும் சுருட்டிக்கிட்டானுங்க. அந்த காலி ஸ்லாட்ல இவன்கிட்ட இருந்த வேற ஸ்டிக்க போட்டான், உடனே 16 காட்டுது.

அப்போ அந்த பீப்பு? அது தான் என்னால இன்னும் தாங்க முடியாத விஷயம். சித்தி பையன் அவனோட லேப்டாப்ப, நல்லா ஓடிட்டு இருந்தத, ஆஃப் பண்ணி பேட்டரிய எடுத்துட்டு அதே மாதிரி வச்சான். ஸ்க்ரூ ஓட்டைல ஒரு முனை, ப்ராசசர் பக்கத்து சதுரத்துல ஒரு முனை. பீப்ப்ப். அதே சத்தம்! அந்த சதுரமெல்லாம் ப்ராசசருக்கு கரண்ட் போற காயில். ப்ராசசர் ஒரு வோல்ட் சுமாருல ஏகப்பட்ட ஆம்பியர் இழுக்கற ஐட்டம்ங்கறதால அந்த லைன்ல ரெசிஸ்டன்ஸ் எப்பவுமே ரொம்ப ரொம்ப கம்மி. கன்டின்யூட்டி மோடுல, அதாவது ரெசிஸ்டன்ஸ் ரொம்ப கம்மியா இருந்தா பீப் அடிக்கற மோடுல, மீட்டர வச்சா நல்ல போர்டுலயும் கத்தத் தான் செய்யும். நிஜமாவே ஷார்ட்டான்னு பார்க்கணும்னா ஓம்ஸ்ல (ரெசிஸ்டன்ஸ நம்பரா காட்டுற மோடுல) வச்சு எவ்வளவுன்னு படிச்சு, அந்த மாடல் போர்டுக்கு எவ்வளவு இருக்கணுமோ அதோட ஒத்துப் பார்க்கணும், சார்ஜர் கரண்ட் வர்ற மெயின் லைன பார்க்கணும். பீப் கேட்டு முடிவு பண்ற ஆள் அந்தத் தொழில்லயே கிடையாதாம். அந்த பையனுக்கு இது தெரியாம இருக்கவே இருக்காது. மீட்டர என் கையில குடுத்தானே!

ஃபோன் பண்ணி இதெல்லாம் சொன்னா முதல்ல "நீங்க குடுக்கும்போதே 8 தான் மேடம், ரசீத பாருங்க"ன்னாங்க. ரசீதுல தான் ராமே எழுதலயே. ஐசி மாத்தின தடமே இல்லயேன்னு கேட்டா கொஞ்ச நேரம் பாட்டு ஓட விட்டுட்டு, வேற ஒரு அம்மா வந்து "மேடம், ஐசி இல்ல, மதர்போர்டே மாத்திக் குடுத்திருக்கோம்"னு சொல்றாங்க. சிரிக்கவா அழவா. என் டிஸ்க்ல பிட்லாக்கர் (டிஸ்க்ல இருக்கறத பூட்டி வைக்கற விண்டோஸ் வசதி) போட்டிருக்கு, போர்ட மாத்தியிருந்தா முதல் தடவ ஆன் பண்ணும்போதே 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டிருக்கும், ஏன்னா சாவி அந்த போர்டுல இருக்கற சிப்போட தான் கட்டியிருக்கு. ஒண்ணும் கேக்கல, எப்பவும் போல நேரா பாஸ்வேர்டுக்கு வந்துச்சு. இத சொன்னதும் "டெக்னிக்கல் டீம் கூப்பிடுவாங்க". யாரும் கூப்பிடல. 14,000 வாங்கத் தெரிஞ்ச டீமுக்கு ஃபோன் எடுக்கத் தெரியாது போல.

என்னென்ன பார்க்கணும்னு விவரமா வரிசையா எழுதணும்னு தான் உக்காந்தேன், இப்போ முடியல, தலை வலிக்குது. சட்டுனு தோணறத சொல்றேன். குடுக்கறதுக்கு முன்னாடி லைட் எப்படி கண்ணடிக்குதுன்னு வீடியோ எடுங்க, மேனுவல்ல தேடுங்க. அடிய கழட்டும்போது ராம், எஸ்எஸ்டி ரெண்டையும் ஸ்டிக்கர் நம்பர் தெரியற மாதிரி போட்டோ எடுத்து, அத ரசீதுல எழுத வைங்க, எழுத மாட்டேன்னா குடுக்காதீங்க. ராம ஒவ்வொண்ணா கழட்டி போட்டு பார்த்தியான்னு முதல்ல கேளுங்க. பாஸ்வேர்டு வேண்டவே வேண்டாம், டிஸ்ப்ளே வருதான்னு பார்க்க, விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடியே திறக்கற பயாஸ் ஸ்க்ரீன் போதும். பழைய பார்ட் கைக்கு வராம மீதிப் பணம் தராதீங்க. பீப்பு சத்தம் காட்டினா ஓம்ஸ்ல எவ்வளவுன்னு கேளுங்க, முழிப்பான்.

நுகர்வோர் புகார் எழுதிட்டு இருக்கேன், அந்த வீடியோவையும் காலி ஸ்லாட் போட்டோவையும் சேர்த்து. 14,000-மும் என் ராமும் திரும்பி வந்தா இங்கயே வந்து சொல்றேன். அந்த ஆப்ல இப்போ தான் ஒரு மெசேஜ் வந்துச்சு, பேட்டரி மாத்தினா இருபது சதவீதம் தள்ளுபடியாம்.