டிரெய்லர் பேட்டரிக்கு ரெடிமேட் கேபிள் செட்: எது தேறும், எது தேறாது

100 ஆம்பியர்-அவர் பேட்டரி, 1000 வாட் இன்வெர்ட்டர், கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ், நாலைந்து எல்.இ.டி. விளக்கு, தண்ணீர் பம்பு. சின்ன கேம்பிங் டிரெய்லரில் பெரும்பாலும் இவ்வளவுதான் இருக்கும். இதற்கென்றே விற்கிற ரெடிமேட் செட்டில் ஒன்றரை மீட்டர் சிவப்பு கேபிள், ஒன்றரை மீட்டர் கறுப்பு கேபிள், நாலு முனையிலும் அழுத்திய லக் (போல்ட்டில் மாட்டும் துளையுள்ள உலோக முனை), கூடவே ஒரு ஃபியூஸ் ஹோல்டர் வரும். பையைப் பிரித்தவுடன் மாட்டிவிடலாம் என்பதுதான் வசதி. இவற்றில் அருமையான செட்டுகள் உண்டு, தூக்கிப் போட வேண்டியவையும் உண்டு. பையின் மேல் அச்சடித்திருப்பது இரண்டிலும் ஒன்றேதான். அதனால் கம்பியையும் லக்கையும் பார்த்துத்தான் தரம் பிரிக்க வேண்டும்.

முதல் கேள்வி, உள்ளே இருப்பது செம்பா? மலிவான செட்டுகளில் பல, சி.சி.ஏ. எனப்படும் செம்பு பூசிய அலுமினியம். லக்கின் வாயருகே தெரியும் ஓர் இழையைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளி நிறம் வந்தால் அலுமினியம். வெள்ளீயம் பூசிய உயர்தரக் கேபிள் இதற்கு நேர்மாறு: வெளியே வெள்ளையாக இருக்கும், சுரண்டினால் செம்பு தெரியும். இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல கேபிளைத் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு.

சுரண்ட இடமில்லாதபடி ஹீட் ஷ்ரிங்க் எனும் சூட்டில் சுருங்கும் குழாய் மூடியிருந்தால் தராசில் வையுங்கள். 25 சதுர மி.மீ. செம்பு மீட்டருக்கு சுமார் 224 கிராம். சிவப்பும் கறுப்பும் சேர்த்து மூன்று மீட்டர் என்றால் செம்பு மட்டுமே 670 கிராம். மேலுறையும் லக்கும் சேர்ந்தால் இன்னும் கூடும். மொத்தச் செட்டே அரை கிலோவில் நின்றால், ஒன்று அது செம்பு இல்லை, இல்லையென்றால் சொன்ன பருமன் இல்லை. இரண்டில் எதுவானாலும் வேண்டாம்.

சி.சி.ஏ.யின் மின்தடை அதே பருமனுள்ள செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அதைக்கூட ஒரு படி தடிமனான கேபிள் போட்டுச் சமாளித்துவிடலாம். உண்மையான தொல்லை லக்கின் உள்ளே இருக்கிறது. அலுமினியம் அழுத்தத்தில் மெல்ல மெல்ல இளகி நகரும். சூடேறி ஆறும் ஒவ்வொரு முறையும் பிடி கொஞ்சம் தளரும். ஈரம் பட்டால் இரண்டு உலோகங்களும் சேரும் இடத்தில் அரிப்பு தொடங்கும். குலுங்கிக்கொண்டே ஓடும் டிரெய்லருக்கு இதை எந்த விலையிலும் பரிந்துரைக்க மாட்டோம்.

அடுத்தது பருமன். 1000 வாட் இன்வெர்ட்டர் முழுச் சுமையில் 12 வோல்ட்டிலிருந்து சுமார் 100 ஆம்பியர் இழுக்கும். போக ஒன்றரை, வர ஒன்றரை, ஆக மூன்று மீட்டர். கணக்கில் பலர் விட்டுவிடுவது இந்த 'வர' என்பதைத்தான். 16 சதுர மி.மீ. செம்பில் 0.32 வோல்ட் இழப்பு, 25-இல் 0.21 வோல்ட், 35-இல் 0.15 வோல்ட். இந்தத் தூரத்துக்கு 25 போதும். 16-இல் இன்வெர்ட்டர் ஓடும், ஆனால் பேட்டரி பாதி இறங்கிய நிலையில் 'லோ வோல்டேஜ்' என்று கத்தி அணைந்துவிடும். உடனே பேட்டரி போய்விட்டது என்று புதிது வாங்கிவிடுகிறார்கள், குற்றவாளி கேபிளாக இருந்தும்.

அளவுக் குறியீட்டிலும் ஏமாற இடம் இருக்கிறது. அமெரிக்கக் கம்பி அளவான ஏ.டபிள்யூ.ஜி.யில் 4 என்பது 21 சதுர மி.மீ. மட்டுமே, 25 அல்ல. ஏ.டபிள்யூ.ஜி. 2 என்றால் 33.6. வாகனக் கேபிள் சிலவற்றில் '6 மி.மீ.' என்று எழுதியிருப்பது மேலுறையோடு சேர்த்த விட்டம். உள்ளே செம்பு 4.6 சதுர மி.மீ. அளவுக்குத்தான் இருக்கும். 'சதுர' என்ற சொல் இல்லாத மி.மீ. கணக்கை நம்பாதீர்கள்.

இனி லக். செட்டின் தரம் முழுவதும் இங்கேதான் தெரியும். நல்ல லக் தடித்த சுவருள்ள, வெள்ளீயம் பூசிய செம்புக் குழாய். அறுகோணமாக, சுற்றிலும் ஒரே சீராக அழுத்தியிருக்கும். பார்வைத் துளை இருந்தால் அதன் வழியே இழைகள் கடைசி வரை வந்து நிற்பது தெரியும். மோசமான லக் மெல்லிய தகடு. சுத்தியலால் அடித்த பள்ளம் ஒரு பக்கம் மட்டும் இருக்கும், மறுபக்கம் இழைகள் தளர்வாகக் கிடக்கும். ஒரு கையில் லக்கையும் மறு கையில் கேபிளையும் பிடித்துத் திருகிப் பாருங்கள். மயிரளவு அசைந்தாலும் தேறாது. ஏன் இவ்வளவு கறார்? அந்த ஓர் இணைப்பில் ஒரு மில்லிஓம் தடை கூடினால், 100 ஆம்பியரில் அந்த விரல்கடை இடத்தில் மட்டும் 10 வாட் சூடு பிறக்கும். முதலில் மேலுறை பழுக்கும், பிறகு கருகும்.

கேபிள் நன்றாக இருந்து லக் மட்டும் சொதப்பியிருந்தால், முனையை வெட்டிவிட்டு நீங்களே போட்டுக்கொள்ளலாம். லக் குழாயின் ஆழத்தைவிட 1 அல்லது 2 மி.மீ. மட்டும் கூடுதலாகத் தோலை உரியுங்கள். ஓர் இழைகூட வெட்டுப்படக் கூடாது. லக்கை அழுத்தும் ஹைட்ராலிக் கிரிம்பரில் அச்சைத் தேர்ந்தெடுக்கும்போது அதில் பொறித்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். மலிவுக் கருவிகளில் அச்சு பெரும்பாலும் ஒரு சுற்றுப் பெரிதாக இருக்கும். அழுத்திய பிறகு லக் அசைந்தால் அச்சு பெரிது, இரு பக்கமும் காது மாதிரி உலோகம் பிதுங்கினால் அச்சு சிறிது. வீணாகப் போனாலும் பரவாயில்லை என்று இரண்டு லக்குகளை அழுத்திப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது. சால்டர் ஊற்றி நிரப்புவது பழைய வழக்கம். சால்டர் இழைகளுக்குள் ஏறி இறுகிவிடும், அது முடியும் இடத்தில்தான் குலுக்கலில் கம்பி முறியும். கிரிம்ப் போதும். அதன்மேல் உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் போட்டு, ஓரத்தில் பசை கசியும் வரை சூடாக்குங்கள்.

லக்கின் துளையும் போல்ட்டும் பொருந்த வேண்டும். 8 மி.மீ. போல்ட்டில் 10 மி.மீ. துளை லக்கை மாட்டினால் தொடும் பரப்பு சுருங்கும். மாட்டும் வரிசை: பேட்டரி முனை, அதன்மேல் நேரடியாக லக், பிறகு தட்டை வாஷர், ஸ்பிரிங் வாஷர், நட். லக்குக்கும் முனைக்கும் நடுவில் எந்த வாஷரும் வரக் கூடாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மின்சாரத்தை நன்றாகக் கடத்தாது. எத்தனையோ டிரெய்லர்களில் சூடேறிய முனையைப் பிரித்தால் நடுவில் இந்த வாஷர்தான் உட்கார்ந்திருக்கும். ஒரே முனையில் பல லக் வந்தால் அதிகக் கரண்ட் எடுப்பது அடியில். இறுக்கும் விசை பேட்டரியோடு வரும் தாளில் இருக்கும், அதைத் தாண்டாதீர்கள்.

செட்டோடு வரும் ஃபியூஸைப் பற்றி: 100 ஆம்பியர் சுமைக்கு 25 சதுர மி.மீ. கேபிளில் 125 ஆம்பியர் ஃபியூஸ் சரி. 200 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து அனுப்பும் செட்டுகளும் இருக்கின்றன, அது கேபிளைக் காப்பாற்றாது. லித்தியம் பேட்டரி என்றால் எந்த அளவு ஷார்ட் கரண்டை ஃபியூஸ் துண்டிக்க முடியும் என்பதும் முக்கியம். ஏ.என்.எல். வகையின் வழக்கமான எல்லை 6,000 ஆம்பியர், பேட்டரி முனையிலேயே உட்காரும் எம்.ஆர்.பி.எஃப். வகைக்கு 14 வோல்ட்டில் 10,000, கிளாஸ் டி (Class T) வகைக்கு 20,000. ஒற்றை லித்தியம் பேட்டரிக்கு எம்.ஆர்.பி.எஃப். எங்கள் தேர்வு, இடமும் குறைவு, ஃபியூஸுக்கு முன்னால் பாதுகாப்பில்லாத கேபிளும் கிட்டத்தட்ட இல்லை. வேறு வகை என்றால் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் வையுங்கள்.

காரிலிருந்து டிரெய்லர் பேட்டரிக்கு வரும் சார்ஜிங் லைனுக்கு இந்தச் செட் உதவாது. அது ஒரு பக்கமே 7 மீட்டர் வரை ஓடும். கார் மின்சாரத்தை டிரெய்லர் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றும் டிசி டு டிசி சார்ஜர் 25 ஆம்பியர் இழுத்தால் 6 சதுர மி.மீ. கேபிளில் ஒரு வோல்ட் முழுதாகப் போய்விடும். ஏ.டபிள்யூ.ஜி. 6, அதாவது 13.3 சதுர மி.மீ., போட்டால் இழப்பு 0.45 வோல்ட். காரையும் டிரெய்லரையும் இணைக்கும் 50 ஆம்பியர் ஆண்டர்சன் இணைப்பானின் முனைக்குள் நுழையும் உச்ச அளவும் அதுதான். டிரெய்லரின் கழுத்துப் பகுதி மழையிலும் சேற்றிலும் நனைவதால் அங்கே மட்டுமாவது வெள்ளீயம் பூசிய கேபிள் வேண்டும். கறுப்புக் கம்பியை மிச்சம் பிடித்து, அதற்குப் பதிலாக சேஸிஸை (வண்டியின் இரும்புச் சட்டத்தை) நம்பாதீர்கள். துருவும் பெயிண்டும் மில்லிஓம் கணக்கைக் கெடுத்துவிடும்.

மாட்டும்போது சிவப்பு முதலில், கறுப்பு கடைசியில். கழற்றும்போது கறுப்பு முதலில். ஸ்பேனரின் கைப்பிடியில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். பேட்டரி மானிட்டரின் ஷன்ட் (கரண்டை அளக்கும் துண்டு) இருந்தால், பேட்டரியின் மைனஸில் ஷன்ட்டுக்குப் போகும் ஒற்றைக் கேபிளைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. தகட்டைத் துளைத்துப் போகும் இடமெல்லாம் ரப்பர் குரோமட் போடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் இன்வெர்ட்டரில் கெட்டிலையோ ஹீட்டரையோ போட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பிளஸ் முனையிலும் மற்றதை இன்வெர்ட்டரின் பிளஸ் முனையிலும் வையுங்கள். 100 ஆம்பியரில் ஒரு பக்கக் கேபிளுக்கு 0.1 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும், வழியில் ஃபியூஸ் இருப்பதால் சற்றுக் கூடலாம். 0.3 காட்டினால் மீட்டரின் முனைகளை ஒவ்வொரு லக்காக நகர்த்துங்கள். எண் எங்கே தாவுகிறதோ அங்கேதான் கோளாறு. மைனஸ் பக்கத்தையும் இதேபோல் அளந்துவிட்டு, முதல் நெடும்பயணம் முடிந்ததும் எல்லா நட்டையும் மறுபடி ஒருமுறை சரிபாருங்கள்.