கொறங்காட்டுப் பின்னணியும் போஸ்டர் கலரும்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

கையால் வரையும் அனிமேஷனில் உருவங்கள் கண்ணாடி போன்ற செல் தாளில் அசைய, அதற்கடியில் அசையாமல் கிடக்கும் பின்னணிக்குக் குவாஷ், போஸ்டர் கலர் போன்ற ஒளி ஊடுருவாத நீர்வண்ணங்களைப் பல ஸ்டூடியோக்கள் நம்பியிருந்தன. காய்ந்தபின் மினுமினுப்பு இல்லாததால் படம்பிடிக்கும் விளக்கொளி அவற்றில் பட்டுக் கூசுவதில்லை. ஜப்பானியப் பின்னணி ஓவியர்கள் பயன்படுத்தும் நிக்கர் போஸ்டர் கலரையும், குழாயில் வரும் குவாஷையும் கொண்டு, காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளை, அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலங்களை, சில ஆண்டுகளாகத் தீட்டி வருகிறேன்.

எங்கள் பக்கத்து வெயிலில் முதலில் கெடுவது வானம்தான். அடிவானத்து வெளிறலிலிருந்து மேலே நீலம் ஏறும் அந்த நிறமாற்றத்துக்குத் தாள் ஈரமாகவே இருக்க வேண்டும். சித்திரையிலோ அகலப் பிரஷ் மறுகோடிக்குப் போவதற்குள் தொடங்கிய இடம் காய்ந்து கோடு விழுந்துவிடுகிறது. ஆகவே தாளின் இருபுறமும் நனைத்துப் பலகையில் ஒட்டி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, விடியற்காலையிலேயே வானத்தை முடித்துவிடுகிறேன். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக்காற்று ஈர வண்ணத்தில் புழுதியை ஒட்டவைக்கும் என்பதால் அப்போது சன்னலும் திறப்பதில்லை. ஐப்பசி மழைக்காலமே வானத்துக்கு உகந்தது, ஆனால் பாட்டிலுக்குள் பூஞ்சை பிடிப்பதும் அப்போதுதான்.

வெளிர்நிறம் காய்ந்தால் சற்றுக் கருக்கும், அடர்நிறம் வெளுக்கும். கிளுவை வேலியின் நிழலுக்கென்று கலந்த கரும்பச்சை காய்ந்ததும் சாம்பல் பூத்துப்போவதால், அதே தாளின் துண்டில் தீட்டிக் காயவைத்துப் பார்க்காமல் படத்தில் வைப்பதில்லை. செம்மண்ணுக்குப் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பில் வெள்ளையைக் கலந்தால் இளஞ்சிவப்பாகிவிடும். வெயில் படும் மண்ணுக்கு முதலில் எல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சளைச் சேர்ப்பதே சரி.

இவ்வண்ணங்களைப் பிடித்துவைப்பது நீரில் கரையும் பசைதான் (குவாஷில் அது நம் கருவேலத்துக்கு உறவான மரத்தின் பிசின்). எனவே காய்ந்த வானத்தின்மேல் வெள்வேலங் கிளைகளை நீர்த்த வண்ணத்தால் தேய்த்தால் அடிநிறம் கரைந்து மேலே வந்துவிடுகிறது. தண்ணீரைக் குறைத்து, கெட்டியாக, ஒரே இழுப்பில் வைத்தாக வேண்டும். அக்ரிலிக் குவாஷ் காய்ந்தபின் கரையாது என்பது உண்மையானாலும், மேக விளிம்பை ஈரப் பிரஷால் இளக்க அது இடங்கொடாததால், அடிப்பூச்சோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மாணவர்களுக்கான மலிவான பாட்டில்கள் வெள்ளோட்டத்துக்குப் போதும். அடர்நிறங்களில் அவை சுண்ணாம்பு பூசியதுபோல் நிற்கும். எல்லா நிறங்களிலும் வெள்ளையே முதலில் தீரும் என்பதால், காசைச் செலவிடுவதானால் நல்ல வெள்ளைக்கே செலவிடலாம்.